மூலநிரலும் ஒற்றைக்கொம்பும்: கைப்பேசி உலாவிகளின் வரலாறு, விழுப்புரம் – திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மூலநிரல் திறந்துவிடப்பட்ட இணைய உலாவிகள் தமிழ் எழுத்தைத் திரையில் காட்டத் தொடங்கிய வரலாற்றையும், அவ்வுலாவிகள் கைப்பேசிக்கு வந்தபின் அவற்றை மூலத்திலிருந்து கட்டிக்கொள்ளும் உரிமை எவ்வளவு தூரம் நடைமுறையில் கைவரப்பெற்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது. உரிமம் அனைவருக்கும் ஒன்றாக இருந்தபோதும், கட்டும் செலவு ஊருக்கு ஊர் வேறுபட்டது என்பது இதன் கருதுகோள். மாநகரும் சிற்றூரும் அல்லாத விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரு நகரங்களின் நிலை இக்கருதுகோளைச் சோதிக்கும் களமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: உலாவி, கட்டற்ற மென்பொருள், மூலநிரல், எழுத்துக்கோப்பு, மொசில்லா, குரோமியம், விழுப்புரம், திண்டிவனம்.

முன்னுரை

தமிழ்க் கணிமை வரலாறு பெரும்பாலும் விசைப்பலகை, எழுத்துரு, குறியாக்கம் ஆகிய மூன்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. உலாவிக்கு அதில் தனி இடம் அளிக்கப்படவில்லை. ஆயினும், 2000ஆம் ஆண்டுக்குப் பின் தமிழ்நாட்டில் கணினிக்கும் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தவர்களுள் மிகப் பலர் திரையில் தமிழை முதன்முதலாகக் கண்டது உலாவியின் சாளரத்திலேயே. அச்சாளரத்தில் எழுத்து உடைந்து தெரிந்தால், அவர்களைப் பொறுத்தவரை இணையத்தில் தமிழ் இல்லை என்பதே பொருள்.

விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30ஆம் நாள் தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரியும்வரை அது மாநிலத்தின் பரந்த மாவட்டங்களுள் ஒன்றாக விளங்கியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை ஏறத்தாழ 34.58 இலட்சம், அவருள் நூற்றுக்குப் பதினைந்து பேரளவினரே நகரவாசிகள். விழுப்புரம் ஐந்து திசைகளிலிருந்து இருப்புப்பாதைகள் கூடும் சந்திப்பு. அங்கிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. வடக்கே, சென்னை நெடுஞ்சாலையில் உள்ளது திண்டிவனம். இரு நகரங்களிலும் 1960களின் இறுதியில் தோன்றிய அரசு கலைக் கல்லூரிகள் உள்ளன. 2008இல் இரண்டிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. கணினி பயின்ற இளைஞர் கூட்டம் ஒன்று இவ்வட்டாரத்திலேயே உருவானது இதற்குப் பின்னரே. சென்னைக்கு மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் இருந்தும் மின்சாரம், இணைய வேகம், வன்பொருள் ஆகியவற்றில் சென்னையின் நிலை இந்நகரங்களுக்கு வாய்க்கவில்லை. மென்பொருள் உரிமை பற்றிய பேச்சை அளந்து பார்க்க இத்தகைய இடைநிலை நகரங்களே தக்க களம்.

குறியாக்க மாற்றமும் உலாவியின் பொறுப்பும்

தமிழ் உயிர்மெய்களுள் சில, ஒலிக்கும் முறையும் எழுதும் முறையும் மாறுபட்டவை. ‘கெ’ என்பதில் மெய் முதலில் ஒலிக்கிறது. ஒற்றைக்கொம்போ மெய்க்கு முன்னே எழுதப்படுகிறது. ‘கொ’ என்பதில் உயிர்க்குறி இரண்டாகப் பிளந்து மெய்யின் இருபுறமும் நிற்கிறது. 1990களில் வழங்கிய திஸ்கி, டாம், டாப் முதலிய எழுத்துருக் குறியாக்கங்கள் இச்சிக்கலை எளிய வழியில் கடந்தன: கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகள் சேமிக்கப்பட்டன. கொம்பு முன்னே தெரிந்தால் கோப்பிலும் முன்னேதான். ஆகவே, உலாவி தமிழைப் பற்றி எதுவும் அறிந்திருக்கத் தேவையில்லை. உரிய எழுத்துரு கணினியில் இருந்தால் போதும். எழுத்துரு இல்லாத வாசகருக்காகத் தமிழ் நாளேடுகள் பல, எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் இயங்கு எழுத்துரு முறையைக் கையாண்டன. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு வடிவம், இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு வேறொரு வடிவம்.

யூனிகோடு இவ்வமைப்பைத் தலைகீழாக்கியது. அதில் ஒலிப்பு வரிசையே சேமிப்பு வரிசை. கொம்பை முன்னே கொணர்வதும், பிளவுக்குறியை இருபுறமும் நிறுத்துவதும், ‘கு’, ‘டி’ போன்ற இணைவடிவங்களைத் தேர்வதும் காட்சிப்படுத்தும் மென்பொருளின் கடமையாயின. இக்கடமையைச் செய்யும் நிரற்பகுதியை எழுத்துக்கோப்புப் பொறி எனலாம். 2003க்குப் பின் தமிழ் விக்கிப்பீடியாவும் வலைப்பதிவுகளும் யூனிகோடில் எழுதப்படலாயின. அந்நாளிலிருந்து உலாவி தமிழ் எழுத்திலக்கணத்தின் ஒரு பகுதியைச் சுமக்கும் கருவியாயிற்று. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி. நடைமுறை அரசாணைக்குப் பல ஆண்டுகள் முன்னே சென்றுவிட்டிருந்தது.

ஒரு கட்டமைப்பு ஆணையின் வரலாறு

நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 ஜனவரியில் அறிவித்தபடி, அவ்வாண்டு மார்ச் 31ஆம் நாள் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டது. மொசில்லாத் திட்டம் அதிலிருந்து பிறந்தது. 2004 நவம்பர் 9இல் பயர்பாக்ஸ் 1.0 வெளிவந்தது. வணிகப் போட்டியில் தோற்ற ஒரு நிறுவனத்தின் முடிவு என்றே இந்நிகழ்வு பெரிதும் விவரிக்கப்படுகிறது. தமிழுக்கு அதனால் விளைந்த பயன் வேறு வகையானது.

லினக்ஸ் கணினியில் தமிழ் எழுத்துக்கோப்பைச் செய்தது பாங்கோ என்னும் கட்டற்ற நிரலகம். பயர்பாக்ஸின் மூலநிரலில் பாங்கோவைப் பயன்படுத்தும் பகுதி இருந்தது. ஆனால், மொசில்லா தன் தளத்தில் வழங்கிய ஆயத்தப் பதிப்பு அப்பகுதியைச் சேர்க்காமல் கட்டப்பட்டது. சேர்த்தால் ஆங்கிலப் பக்கங்களும் மெதுவாகத் திறந்தன என்பது காரணம். விளைவாக, அப்பதிப்பை இறக்கி நிறுவியவர் தமிழ்ப் பக்கத்தில் கொம்புகள் இடம்மாறி, பிளவுக்குறிகள் புள்ளிவட்டத்தோடு தனித்து நிற்கக் கண்டார். அதே மூலநிரலை ‘எனேபிள் பாங்கோ’ என்னும் கட்டமைப்பு ஆணையோடு கட்டினால் எழுத்து ஒழுங்காக வந்தது. பெடோரா போன்ற வழங்கல்கள் அவ்வாறு கட்டிய பதிப்பையே தம் பயனர்க்கு அளித்தன. 2008 ஜூன் 17இல் வெளிவந்த பயர்பாக்ஸ் 3இலேயே லினக்ஸ் பதிப்பில் பாங்கோ இயல்பு நிலையாயிற்று.

மூலநிரல் திறந்திருப்பது தமிழுக்கு என்ன தந்தது என்னும் வினாவிற்கு மிகத் துல்லியமான விடை இச்சிறு நிகழ்வில் உள்ளது. இங்கே எவரும் புதிய நிரல் எழுதவில்லை. ஒரே மூலத்திலிருந்து, ஒரே ஓர் ஆணையின் வேறுபாட்டால், தமிழ் தெரிந்த உலாவியும் தமிழ் தெரியாத உலாவியும் பிறந்தன. எதை இயல்பாகக் கட்டுவது என்னும் முடிவு யார் கையில் இருக்கிறது என்பதே அங்குச் சிக்கலாக இருந்தது. கட்டும் உரிமை பிறர்க்கும் இருந்தமையால், முதன்மை நிறுவனத்தின் முடிவு மாறும்வரை தமிழ் காத்திருக்க வேண்டியதில்லை. இதே காலத்தில் விண்டோஸ் எக்ஸ்பி வைத்திருந்தவர் கட்டுப்பாட்டுப் பலகத்தில் சிக்கல் எழுத்துகளுக்கான கோப்புகளைத் தேர்ந்து நிறுவ வேண்டியிருந்தது. அதற்கு இயங்குதளத்தின் குறுவட்டு தேவைப்பட்டது. உரிமம் பெற்ற குறுவட்டு இல்லாத கணினி மையங்களில் அது எளிதன்று.

கைப்பேசிக்கு வந்த உலாவி

கைப்பேசியில் தமிழ் உலாவியைவிட முந்தியது. முத்து நெடுமாறனின் செல்லினம் 2005லேயே தமிழ்க் குறுஞ்செய்தியைச் சாத்தியமாக்கியது. ஆனால், அது தன் எழுத்துருவைத் தானே சுமந்து சென்ற செயலி. பொது இணையத்தைக் காட்ட வேறு கருவி தேவைப்பட்டது.

ஜாவா இயங்கும் எளிய கைப்பேசிகளில் அக்கருவியாக அமைந்தது ஓபரா மினி. 2006 ஜனவரியில் உலகெங்கும் வெளியான இவ்வுலாவி, பக்கங்களைத் தன் வழங்கிகளில் சுருக்கிக் கைப்பேசிக்கு அனுப்பியது. தமிழ் எழுத்துரு அறியாத கைப்பேசியிலும் தமிழ் படிக்க அதில் ஒரு மறைவழி இருந்தது: முகவரிப் பட்டையில் அமைப்புப் பக்கத்தின் பெயரைத் தட்டி, சிக்கல் எழுத்துகளுக்குப் படவெழுத்தைப் பயன்படுத்துமாறு தெரிவுசெய்ய வேண்டும். அதன்பின் வழங்கியே தமிழைப் படமாக வரைந்து அனுப்பும். தமிழ் வலைப்பதிவுகளில் அக்காலத்தில் கைக்குக் கை கடத்தப்பட்ட உதவிக்குறிப்பு இது. இவ்வழியால் தமிழ் தெரிந்தது உண்மை. எனினும், அவ்வெழுத்தைத் தெரிவுசெய்யவோ படியெடுக்கவோ இயலாது. தரவும் கூடுதலாகச் செலவாகும். படிக்கப்படும் ஒவ்வொரு பக்கமும் ஒரு நிறுவனத்தின் வழங்கி வழியாகவே வரும். மூலநிரல் மூடப்பட்ட கருவி அது. அதன் கொடை பெரிது. அக்கொடையைப் பெற்றவர் கையில் எந்த உரிமையும் இல்லை. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்றுக்கொண்டே அக்கால வரலாற்றை எழுத வேண்டும்.

ஆண்டிராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துரு இல்லை. 4.0 பதிப்பின் மூலநிரலில் கட்டற்ற லோகித் தமிழ் எழுத்துரு சேர்ந்தபின்னரே நிலை மாறியது. மொசில்லாவின் கைப்பேசி உலாவி, பென்னக் என்னும் திட்டப்பெயரில், முதலில் நோக்கியா என்900 கருவிக்காக 2010 ஜனவரியில் வந்தது. 2011 மார்ச்சில் ஆண்டிராய்டுக்கு வந்தது. பென்னக் என்பது வடஆப்பிரிக்கப் பாலைநிலத்தில் வாழும் சிறு நரியின் பெயர். பயர்பாக்ஸின் சிறு வடிவம் என்பதற்கான சொல்விளையாட்டு.

இவ்வுலாவி எழுத்துக்கோப்புப் பொறியை இயங்குதளத்திடம் எதிர்பார்க்காமல் தன்னுள்ளேயே கொண்டிருந்தது. ஆர்ஃப்பஸ் எனப்படும் அக்கட்டற்ற நிரலகத்தின் வளர்ச்சியில் பெரும்பங்கு பெஹ்தாத் எஸ்ஃபஹ்போதுடையது. பாரசீக எழுத்தின் தேவையிலிருந்து இத்துறைக்கு வந்த அவருடைய உழைப்பு, இன்று பயர்பாக்ஸ், குரோமியம், ஆண்டிராய்டு ஆகிய மூன்றிலும் தமிழ்க் கொம்பை உரிய இடத்தில் நிறுத்துகிறது. தமிழ்க் கணிமை வரலாற்றை எழுதுவோர் தமிழரின் பங்களிப்பை மட்டுமே பட்டியலிடும் வழக்கம் இங்கே போதாது.

ஆனால், கைப்பேசி உலாவிக்கு வேறொரு தடை இருந்தது. ஆண்டிராய்டுக்கான முதற் பதிப்புகள் ஏஆர்எம் ஏழாம் தலைமுறைச் செயலிகளுக்காகவே கட்டப்பட்டன. 2011–12இல் இந்தியச் சந்தையில் பெருவழக்காக இருந்த சாம்சங் கேலக்சி ஒய் போன்ற விலை குறைந்த கருவிகள் ஆறாம் தலைமுறைச் செயலி கொண்டவை. மூலநிரல் ஒன்றே, செயலி வகையைக் குறிக்கும் கட்டமைப்பு ஆணையே வேறு. 2012இன் இறுதியில் மொசில்லா ஆறாம் தலைமுறைக்கும் பதிப்பு வெளியிட்டது. அப்போதும் நினைவக வரம்பு பலரைப் புறத்தே நிறுத்தியது. பாங்கோ நிகழ்வின் மறுபதிப்பு இது எனலாம். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: பாங்கோ காலத்தில் இடையே நின்று மாற்றிக் கட்டித்தர லினக்ஸ் வழங்கல்கள் இருந்தன. கைப்பேசியில் அவ்விடத்தை நிரப்ப 2010இல் தோன்றிய எஃப்-டிராய்டு என்னும் கட்டற்ற செயலிக் களஞ்சியம் ஒன்றே இருந்தது. அதன் வீச்சு சிறிது. பயர்பாக்ஸ் என்னும் பெயர் வணிகக் குறியாதலால் மாற்றிக் கட்டியவர் அப்பெயரைப் பயன்படுத்த இயலாது. டெபியன் வழங்கல் 2006 முதல் 2016 வரை ஐஸ்வீசல் என்னும் மாற்றுப்பெயரைச் சூட்டியதும், எஃப்-டிராய்டுப் பதிப்பு இன்றும் பென்னக் என வழங்குவதும் இக்காரணத்தாலேயே.

ஐபோன் நிலை இன்னும் இறுக்கமானது. அங்கு எந்நிறுவனத்தின் உலாவியும் ஆப்பிளின் வெப்கிட் பொறியின் மேலேயே அமைய வேண்டும் என்பது விதி. 2015இல் வந்த ஐபோன் பயர்பாக்ஸும் அத்தகையதே. ஐரோப்பிய ஒன்றியத்தில், சட்டத்தின் அழுத்தத்தால், 2024 மார்ச்சில் இவ்விதி தளர்ந்தது.

1,999 ரூபாய்க் கைப்பேசி

உலாவியையே இயங்குதளமாக்கும் முயற்சி 2011 ஜூலையில் ‘பூட் டு கெக்கோ’ என்னும் பெயரில் அறிவிக்கப்பட்டது. பின்னர் பயர்பாக்ஸ் ஓஎஸ் ஆயிற்று. 2014 ஆகஸ்டில் இந்தியாவில் வெளியான இன்டெக்ஸ் கிளவுட் எஃப்எக்ஸ் கைப்பேசியின் விலை 1,999 ரூபாய்; நினைவகம் 128 எம்பி. இந்தி, தமிழ் ஆகிய இரு இந்திய மொழிகளின் ஆதரவு அதன் சிறப்பாக முன்வைக்கப்பட்டது. கட்டற்ற உலாவியைக் கருவாகக் கொண்ட ஒரு கைப்பேசி, தமிழை முகப்பில் தாங்கி, சிறுநகரக் கடைகளின் விலைக்கு இறங்கி வந்தது அதுவே முதன்முறை.

அதன் மூலநிரல் வெளியில் கிடைத்தது. கட்டமைப்பு முறையும் எளிதாகவே விவரிக்கப்பட்டது: கருவியின் பெயரைத் தந்து அமைத்தல், கட்டுதல், கைப்பேசியில் ஏற்றுதல் என மூன்று கட்டளைகள். ஆனால், ஒரு குறிப்பிட்ட கைப்பேசிக்காகக் கட்டுவதற்கு அதன் வன்பொருள் இயக்கிகள் தேவை. அவை நிறுவனங்களின் மூடிய இருமக் கோப்புகள். வளர்ச்சிக் கருவிகளிலேயே அக்கோப்புகளைக் கைப்பேசியிலிருந்து பெயர்த்தெடுத்துக் கட்டமைப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. உலாவி திறந்தது, அதைத் தாங்கிய பலகை மூடியது. 2015 டிசம்பரில் மொசில்லா, நிறுவனங்கள் வழியாகப் பயர்பாக்ஸ் ஓஎஸ் கைப்பேசிகளை விற்பதை நிறுத்துவதாக அறிவித்தது. 128 எம்பி நினைவகத்தில் முழு உலாவிப் பொறியை இயக்க முனைந்ததே அம்முயற்சியின் முதற் பிழை என்று கருத இடமுண்டு.

கதை அங்கு முடியவில்லை. அதே மூலநிரலிலிருந்து கிளைத்த காய்ஓஎஸ், 2017இல் அறிவிக்கப்பட்ட ஜியோபோனின் இயங்குதளமாயிற்று. 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு, தமிழ் உட்பட 22 இந்திய மொழிகளின் ஆதரவோடு அது வந்தது. நெட்ஸ்கேப் 1998இல் திறந்துவிட்ட நிரலின் வழித்தோன்றல் ஒன்று, எண்விசைக் கைப்பேசியாக, உழவர் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது. வைத்திருந்தவருக்கு அப்பரம்பரை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மாற்றிக் கட்டும் வழியும் அவருக்குத் தரப்படவில்லை.

கட்டுதலின் செலவு

மூலநிரலைக் கட்டுதல் என்பது நடைமுறையில் என்ன? முதலில் மூலக்களஞ்சியம் முழுவதையும் இறக்க வேண்டும். அடுத்து, தொகுப்பிகள், ஆண்டிராய்டு வளர்ச்சிக் கருவிகள் ஆகியவற்றை நிறுவ வேண்டும். பின்னர்ப் பல்லாயிரம் கோப்புகளைத் தனித்தனியே இயந்திரமொழிக்குப் பெயர்த்து, இறுதியில் அனைத்தையும் ஒரே நிரலகமாக இணைக்க வேண்டும். குரோமியத்தை ஆண்டிராய்டுக்குக் கட்ட 64 பிட் லினக்ஸ் கணினி தேவை. விண்டோஸிலும் மேக்கிலும் அதற்கு இடமில்லை. குறைந்தது 8 ஜிபி நினைவகம், 16 ஜிபிக்கு மேல் இருத்தல் நலம், வட்டில் 100 ஜிபி வெற்றிடம் என்பன அதன் ஆவணங்கள் நெடுங்காலம் கூறிவந்த தேவைகள். பயர்பாக்ஸின் தேவை சற்றுக் குறைவு: 4 ஜிபி நினைவகம், 30 ஜிபி இடம்.

இவ்வெண்களை 2012ஆம் ஆண்டின் விழுப்புரத்தில் வைத்துப் பார்க்கலாம். நொடிக்கு 512 கிலோபிட் இணைப்பில் 10 ஜிபி இறக்க, இடையறாது ஓடினாலும் 43 மணி நேரம் ஆகும். இடையறாமை அவ்வாண்டில் வாய்ப்பில்லை. மாநிலத்தின் மின்பற்றாக்குறையில் சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு என்றால் பிற மாவட்டங்களில் அது பல மடங்கு நீண்டது. இங்கு ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தொகுத்தல் பணி மின்வெட்டைத் தாங்கும்: பெயர்க்கப்பட்ட கோப்புகள் வட்டில் எஞ்சியிருக்கும், மீண்டும் தொடங்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கிட் களஞ்சியத்தை இறக்கும் பணி அவ்வாறன்று. இடையில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே, கணினியின் ஆற்றலைவிட இணைப்பின் நிலையாமையே முதல் தடையாயிற்று. இதனைக் கடக்கக் கண்ட வழி பழையது: ஒருவர் இறக்கியதைக் குறுவட்டிலோ வன்தட்டிலோ படியெடுத்துப் பலர் பகிர்தல். லினக்ஸ் பயனர் குழுக்கள் தமிழ்நாட்டில் வேரூன்றியதற்கு இக்கைமாற்றுப் பண்பாடும் ஒரு காரணம் எனலாம்.

இணைப்புக் கட்டம் வேறொரு சோதனை. பயர்பாக்ஸின் பெரும்பகுதி ஒரே பெரிய நிரலகமாக இணைக்கப்படுவதால், அத்தருணத்தில் நினைவகம் நிறைந்து வழியும். மொசில்லாவின் சொந்தக் கட்டமைப்பு இயந்திரங்களே 2011 இறுதியில், விண்டோஸ் பதிப்பை உகப்பாக்கி இணைக்கையில், 32 பிட் இணைப்பியின் 3 ஜிபி எல்லையில் முட்டி நின்றன. 2011 செப்டம்பர் 15இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே மாணவர் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு, சீடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. தொகுப்பியும் உரிமையும் ஒருசேரக் கிடைத்தன என்பது சிறிய செய்தியன்று. சிறு நிரல்களைத் தொகுத்துக் கற்க அவை போதுமானவை. ஓர் உலாவியைக் கட்ட அவற்றின் நினைவகம் போதாது.

இந்த இடைவெளியைக் குறைத்த தொழில்நுட்ப மாற்றம் ஒன்று அதிகம் பேசப்படாதது. மொசில்லா கொண்டுவந்த ஆக்கக்கூறுக் கட்டமைப்பு முறையில், சி++ மொழியில் அமைந்த கனத்த பகுதி முன்னரே தொகுக்கப்பட்ட நிலையில் இறங்கும். இடைமுகப் பகுதி மட்டும் பயனரின் கணினியில் கட்டப்படும். மணிக்கணக்கான பணி நிமிடங்களுக்குச் சுருங்கியது. ஆயினும், எழுத்துக்கோப்புப் பொறி அக்கனத்த பகுதிக்குள்ளேயே இருக்கிறது. பொத்தானின் நிறத்தை மாற்ற விரும்புவோர்க்கு வழி எளிதாயிற்று. கொம்பின் இடத்தைத் திருத்த விரும்புவோர்க்கு முழுக் கட்டமைப்பே இன்றும் வழி.

கட்டாமலே பங்களித்தல்

இச்செலவைத் தவிர்த்துத் தமிழர் உலாவிக்குள் நுழைந்த வாயில் மொழியாக்கம். பயர்பாக்ஸுக்குத் தமிழ், இலங்கைத் தமிழ் என இரு மொழிக்கோப்புகள் ஒரு காலத்தில் தனித்தனியே இருந்தன. பின்னர் இலங்கைத் தமிழ்க் கோப்பு கைவிடப்பட்டது. இரு நாட்டுக் கலைச்சொல் மரபுகளும் ஒரு பொருளில் சந்தித்திருக்கக்கூடிய வாய்ப்பு அதனால் குறுகியது. மொழிபெயர்ப்பு முதலில் கோப்புகளைத் திருத்தி அனுப்பும் பணியாக இருந்தது. பான்டூன் போன்ற வலைக்கருவிகள் வந்தபின் உலாவிக்குள்ளேயே செய்யும் பணியாயிற்று. சிறுநகரத்தவர்க்கு இது பெரிய விடுதலை. கைப்பேசி ஒன்றே போதும். இழப்பும் உண்டு: தன் சொல் திரையில் எவ்விடத்தில், எவ்வளவு இடத்தில் வந்து அமரும் என்பதைக் கட்டிப் பார்க்காமலே மொழிபெயர்ப்பவர் முடிவுசெய்கிறார். தமிழ்ச் சொற்கள் கைப்பேசியின் குறுகிய பொத்தான்களில் பாதியில் வெட்டுண்டு நிற்பதற்கு இதுவே காரணம்.

கலைச்சொற்கள் தனி ஆய்வுக்குரியவை. ‘பிரவுசர்’ என்பதற்கு உலவி, மேலோடி முதலியவை போட்டியிட்டு, உலாவி நிலைத்தது. ‘டேப்’ என்பதற்குக் கீற்று என்னும் சொல் தெரிவுசெய்யப்பட்டது. தென்னங்கீற்று வேய்ந்த கூரைகளைக் கண்டு வளர்ந்த திண்டிவனத்து மாணவர்க்கு இச்சொல் தரும் உருவகம், ஆங்கிலச் சொல் தருவதைவிடத் தெளிவானது. ஒன்றன்மேல் ஒன்று சற்றே விலகி அடுக்கப்படுபவை அல்லவா கீற்றுகள்?

இவ்வட்டாரத்தில் இப்பணிகளுக்கு நிறுவன வடிவம் தந்தது விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு. சென்னையின் ஐஐடி வளாகத்தில் கூடிவந்த லினக்ஸ் பயனர் குழு, காஞ்சிபுரம் குழு, 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழ் ஆகியவற்றின் தொடர்ச்சியில் வைத்து இதனைக் காண வேண்டும். ஊரகப் பின்னணி மாணவர்க்குக் கட்டணமின்றிக் கட்டற்ற மென்பொருளையும் நிரலாக்கத்தையும் இக்குழு கற்பிக்கிறது. கல்லூரிப் பாடத்திட்டத்தில் தொகுப்பி என்பது தேர்வுக்குரிய கோட்பாடு. பயனர் குழுவின் வகுப்பில் அது கையால் இயக்கும் கருவி. மாவட்டத்தின் கிழக்கெல்லையில் ஆரோவில்லும், அதை ஒட்டிப் புதுச்சேரியின் கட்டற்ற மென்பொருள் இயக்கமும் இருப்பதால் இவ்வட்டாரம் சென்னையை மட்டுமே நோக்கியிருக்க நேரவில்லை.

உரிமையின் புதிய எல்லைகள்

2023 ஆகஸ்டில் இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்திய இணைய உலாவி உருவாக்கப் போட்டியை அறிவித்தது. மொத்தப் பரிசு 3.41 கோடி ரூபாய். இந்தியச் சான்றளிப்பு ஆணையகத்தின் மூலச்சான்றிதழை உட்கொண்ட தனி நம்பகப் பெட்டகம், இந்திய மொழிகளின் ஆதரவு, உலாவிக்குள்ளேயே எண்ணிமக் கையொப்பமிடும் வசதி ஆகியன எதிர்பார்க்கப்பட்டன. 2025 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட முடிவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனம் முதற்பரிசாக ஒரு கோடி ரூபாய் பெற்றது. அதன் உலாவியின் பெயர் ‘உலா’. தமிழ்ப் பெயர் தாங்கிய உலாவி ஒன்று நாடளாவிய ஏற்புப் பெற்றது குறிப்பிடத்தக்கதே. அது கட்டப்பட்ட அடித்தளம் குரோமியம் என்பதும் அவ்வாறே குறிப்பிடத்தக்கது. பெங்களூரில் 2010இல் மொசில்லாவின் மேல் கட்டப்பட்டுப் பன்னிரண்டு இந்திய மொழிகளோடு வந்த எபிக் உலாவியும் 2013இல் குரோமியத்துக்கே மாறியது. இந்திய உலாவி எனப்படுவன யாவும் பிறர் திறந்துவிட்ட மூலத்திலிருந்து கட்டப்பட்டவையே. அதில் இழிவு ஏதுமில்லை. ஆனால், எழுத்துக்கோப்பு முதலிய அடித்தளப் பகுதிகளில் இந்திய மொழிகளுக்கான திருத்தங்களை மூலத்துக்கே திருப்பி அளிப்பது அப்போட்டியின் மையமாக இல்லாமற்போனது குறையே.

கட்டியதை நிறுவும் உரிமையும் இப்போது விவாதத்துக்கு வந்துள்ளது. சான்றளிக்கப்பட்ட ஆண்டிராய்டுக் கருவிகளில், தன் கடைக்கு வெளியிலிருந்து நிறுவப்படும் செயலிகளுக்கும் உருவாக்குநரின் அடையாளச் சரிபார்ப்பு தேவை என 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளிலும் பின்னர்ப் பிற நாடுகளிலும் இது நடைமுறைக்கு வரும் என்பது அவ்வறிவிப்பு. எஃப்-டிராய்டு கடுமையாக எதிர்த்தது. அதன்பின், அனுபவம் மிக்க பயனர்க்குத் தனிவழி ஒன்று அமைக்கப்படும் என்று கூகுள் கூறியது. நிறுவனப் பதிவோ வணிக நோக்கமோ இன்றி, ஒரு பயனர் குழுவின் வகுப்பில் மாற்றிக் கட்டிய உலாவியை நண்பர்களின் கைப்பேசிகளில் ஏற்றிப் பார்க்கும் மாணவர், அத்தனிவழியில் எத்தனை எச்சரிக்கைத் திரைகளைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதைப் பொறுத்தே இவ்விதியின் உண்மைப் பொருள் அமையும்.